பிறிஜெற் வீட்டில் மூன்று நாள் இருந்த துப்பாக்கி

வாயில் இடியப்பம் இருந்த காரணத்தால்தான் பிறிஜெற் துப்பாக்கி தூக்க வேண்டி வந்தது.

அவள் வேலை செய்யும் கப்பல் கொம்பனியின் சாப்பாட்டு அறைக்கு ஒரு நாள் மதியம் மனேஜர் வந்தார். வர்த்தக நிறுவனங்களுக்கிடையே நடக்கும் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் ஒவ்வோர் அணியிலும் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டுமாம். கணக்குப் பகுதியில் இருக்கும் அம்னா ஏற்கெனவே அணியில் இருக்கிறாள், இன்னும் ஒருவர் வேண்டும் என்றார். மேசையில் ஏழு பெண்கள் இருந்தார்கள். ஆறு பேர் உடனே காரணம் சொன்னார்கள். ஒருத்திக்கு முதுகு நோ, ஒருத்திக்கு மாமியார், இன்னொருத்திக்குச் சனிக்கிழமை என்றாலே ஏலாது. பிறிஜெற் மட்டும் மென்றுகொண்டிருந்தாள். அவள் விழுங்கி முடித்து நிமிர்ந்தபோது மனேஜர் அவளுடைய பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே கலியாணம் கட்டி, இரண்டு ஒழுங்கை தள்ளிக் குடிபோனவள். கொம்பனியில் ஆவணப் பகுதி. கப்பலில் வரும் பெட்டிகளின் இலக்கங்களைப் பத்திரங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை இருபத்துமூன்று வருடமாகச் செய்துவருகிறாள். ஓர் இலக்கம் இடம் மாறியிருந்தாலும் அவளுடைய கண்ணுக்குத் தப்பாது. மற்றப்படி, கரப்பான் பூச்சியைக் கண்டால் அடிக்க மனம் வராமல் விளக்குமாற்றால் வாசல்வரை வழியனுப்பி வைக்கிற ஆள்.

கணவர் கிளெமென்ற் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். போன வருடம் ஓய்வு பெற்று, சமையலைத் தன் பொறுப்பில் எடுத்திருந்தார். செய்தியைக் கேட்டதும் அகப்பையைக் கீழே வைத்தார்.

“நீயோ?”

“ஓம்.”

“அப்ப எந்தப் பக்கத்தால குண்டு வரும் எண்டதை முதல் கேட்டுக்கொள்.”

அணித் தலைவர் கிறிஸ்ரி, போக்குவரத்துப் பகுதிப் பொறுப்பாளர். அவர் நன்றாகச் சுடுவார் என்று தலைவராக்கவில்லை, நன்றாகக் கதைப்பார். முதல் சனிக்கிழமை கிளப்புக்குப் போகும் வழியிலேயே வானுக்குள் வைத்துப் பிறிஜெற்றுக்கு வகுப்பு எடுத்தார்.

“நல்ல பாரமானதாப் பாத்து எடுக்கோணும். பாரம் கூடக் கூட ஆடாது. பிறகு கறுப்பு நிறமா இருக்கோணும். வெள்ளி, நீலம் எல்லாம் விளையாட்டுச் சாமான்.”

“ஏன் கறுப்பு?”

“அது உங்களுக்குப் பழகப் பழக விளங்கும்.”

அவருக்கும் விளங்கியதாகத் தெரியவில்லை.

கிளப்பில் புதியவர்களுக்கென்று ஐந்து துப்பாக்கிகள் இருந்தன. கிறிஸ்ரி காட்டியதைப் பிறிஜெற் தூக்கினாள். துப்பாக்கி அவளைக் கீழே இழுத்தது. அம்னா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாளிகாவத்தைப் பிள்ளை, இருபத்தாறு வயது, பாடசாலை நாளிலிருந்து சுடுகிறவள். கிறிஸ்ரி தேநீர் எடுக்கப் போகும்வரை பொறுத்திருந்து, கிட்ட வந்தாள்.

“அவர் செல்றதக் கேக்க வாணாம் அன்ரி. கண்ண மூடிக்கொண்டு தூக்குங்க. கன்னத்த மரத்துல வைங்க. இப்பக் கண்ணத் தொறந்து பாருங்க. தொறந்த ஒடனே குறி நேராத் தெரிஞ்சா அது ஒங்கட சாமான். கழுத்த வளைச்சுத் தேடவேண்டி வந்தா, அது வேற ஆள்ட.”

பிறிஜெற் ஒவ்வொன்றாகத் தூக்கினாள். முதல் மூன்றிலும் கண்ணைத் திறந்தால் இருட்டு. நாலாவது பழையது. மரம் வெளிறி, கன்னம் படும் இடத்தில் யாரோ பிளாஸ்ரர் ஒட்டியிருந்தார்கள். கண்ணைத் திறந்தாள். வளையத்துக்குள் வளையமாக, நடுவில் கறுப்புப் பொட்டு தானாக வந்து நின்றது.

“சீ, அது பழசு,” என்றார் தேநீரோடு திரும்பிய கிறிஸ்ரி.

“எனக்கும் அம்பதாகுது,” என்றாள் பிறிஜெற்.

அடுத்தது மேற்சட்டை. இந்த விளையாட்டுக்குத் தடித்த கன்வஸ் துணியும் தோலும் வைத்துத் தைத்த விறைப்பான சட்டை போட வேண்டும். கிளப் அலுமாரியில் பழைய சட்டைகள் தொங்கின. பிறிஜெற் போட்டதும் சுகமாக இருந்த ஒன்றை எடுத்தாள். சுகமாக இருந்தால் அது பிழையான சட்டை என்றாள் அம்னா. நிற்கும்போது இடிக்க வேண்டும், துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்த பிறகுதான் உடம்போடு ஒட்ட வேண்டும் என்று விளக்கினாள். அப்படி ஒன்று கடைசியில் கிடைத்தது. அதைப் போட்டால் பிறிஜெற்றால் குனியவும் முடியாது, திரும்பவும் முடியாது. தட்டையான அடி வைத்த சப்பாத்தும் சேர்ந்தபோது தாரா மாதிரித்தான் நடக்க முடிந்தது. வீட்டில் போட்டுக் காட்டியபோது கிளெமென்ற் அவளைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார்.

“ஃபிறிஜ்ஜுக்குக் கை வச்ச மாதிரி இருக்கு,” என்றார்.

முதல் குண்டு அவளுடைய இலக்கில் படவில்லை. பக்கத்தில் கிறிஸ்ரியின் கடதாசியில் பட்டது, அதுவும் ஒன்பதில். கிறிஸ்ரி அதைத் தன்னுடைய எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டார். ஆனால் ஒரு மாதத்துக்குள் பிறிஜெற்றிடம் ஒரு குணம் இருப்பதை அம்னா கண்டுபிடித்தாள். அவளால் அசையாமல் நிற்க முடிந்தது. சுங்கத்தில் ஒரு கையெழுத்துக்காக மூன்று மணித்தியாலம் நின்று பழகியவளுக்கு ஒரு குண்டுக்கு முக்கால் நிமிடம் நிற்பது பெரிய காரியமாகத் தெரியவில்லை.

போட்டி நடக்கும் கிழமையில் கிளப்பில் துப்பாக்கி வைக்கும் அறைக்கு வர்ணம் பூசத் தொடங்கினார்கள். புதன்கிழமை எல்லோரும் அவரவருடையதை வீட்டுக்குக் கொண்டுபோய், சனிக்கிழமை காலை நேரே போட்டிக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். துப்பாக்கியின் இலக்கம் எழுதிய கிளப் கடிதம் ஒன்றும், கொம்பனிக் கடிதம் ஒன்றும் கொடுத்தார்கள். பிறிஜெற் இரண்டு கடிதத்திலும் உள்ள இலக்கங்களைத் துப்பாக்கியோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒன்றில் ஓர் இலக்கம் மாறியிருந்தது. திருத்தி எழுதுவித்து வாங்கினாள்.

அம்னா பெட்டியை அடுக்கிக் காட்டினாள். காற்றுக் குழாயைக் கழற்றி வேறாக வைக்க வேண்டும். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் அதை விட்டுவிட்டுப் போகக் கூடாது. உள்ளே குண்டு இல்லை என்று பார்க்கிற எவருக்கும் தெரியக்கூடியதாகக் குழலுக்குள் செம்மஞ்சள் கயிறு ஒன்றைக் கோத்து வெளியே விட வேண்டும். குண்டு டப்பா வேறு பையில்.

“வெறும் துப்பாக்கி எண்டாலும் ஆள்ட பக்கம் காட்டக் கூடாது அன்ரி. வீட்டுக்குப் போனா இந்தப் பெட்டிக்குள்ளயே விட்டுட வாணாம், பஞ்சு ஈரத்தக் குடிச்சு வெச்சிரிக்கும், ஒங்கட பக்கம் கடல் காத்து வேற. எண்ணெய்த் துணியால தொடச்சு அலுமாரில படுக்க வைங்க. பூட்டுங்க. தொறப்ப வேற எடத்துல வைங்க, ஒருத்தருக்கும் செல்லவும் வாணாம்.”

சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பக்கற்றுகள் பத்துப் பதினைந்தையும் அவள் கையில் திணித்தாள்.

ஓட்டோ கொச்சிக்கடைப் பக்கத்தால் திரும்பப் பார்த்தது. அந்தோனியார் கோவில் வாசலில், உள்ளே குண்டு வெடித்த நாளிலிருந்து, மறித்துப் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். கடிதம் இருந்தாலும், அந்த வாசலில் இப்படி ஒரு பெட்டியைத் திறந்து காட்டி அங்கே நிற்கிற சனத்தைப் பயப்படுத்த அவளுக்கு மனம் வரவில்லை. சுற்றுப் பாதையால் போகச் சொன்னாள். ஒழுங்கை முனையில் இறங்கியதும் பக்கத்து வீட்டுச் சீனியம்மா படலையடியில் நின்றாள்.

“என்ன பிறிஜெற், அயர்ன் பண்ணுற மேசை வாங்கினீங்களோ?”

“ஓம்,” என்றாள் பிறிஜெற். அவளுடைய வாழ்க்கையில் அவ்வளவு வேகமாகச் சொன்ன பொய் வேறில்லை. வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

இரும்பு அலுமாரியில் கூறைச் சேலைக்குக் கீழே இடம் செய்து துப்பாக்கியைத் துடைத்துப் படுக்க வைத்தாள். சுற்றிவரச் சின்னப் பக்கற்றுகளைப் பரப்பினாள். கிளெமென்ற் கதவடியில் நின்று பார்த்தார்.

“ஃபேனும் போட்டு விடவோ? வேர்க்கப்போகுது.”

வருடக்கணக்காகப் பூட்டாமலே கிடந்த அலுமாரியைப் பூட்டியாயிற்று. திறப்புத்தான், அந்தச் சாவிதான் பிரச்சினை. முதலில் திருஇருதயப் படத்துக்குப் பின்னால் வைத்தாள். கள்ளனும் வேதக்காரனாக இருந்தால் முதலில் அங்கேதான் பார்ப்பான் என்று தோன்றியது. அரிசிப் பேணிக்குள் போட்டாள். கிளெமென்ற் தினமும் அரிசி அளக்கிறவர். ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் என்று அம்னா சொன்னதில் கணவரும் அடக்கமா இல்லையா என்று சிறிது நேரம் யோசித்தாள். அடக்கம்தான் என்று முடிவெடுத்தாள். கடைசியில் ஃபிறிஜ்ஜின் ஐஸ் தட்டில், ஆக அடியில் கிடந்த பாரை மீன் பக்கற்றுக்குள் செருகினாள். ஞாயிற்றுக்கிழமைக்கென்று வாங்கிய மீன் அது. அதற்கு முன்னர் எவரும் தொடப்போவதில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஐஸ் தட்டைத் திறந்தாள். மேலே கீரி மீன் இருந்தது. கீழே ஒன்றும் இல்லை.

“இஞ்ச பாருங்கோ, அடியில கிடந்த பாரை எங்க?”

கிளெமென்ற் பல் விளக்கிக்கொண்டிருந்தார். “நேத்து ரெண்டு தரம் குழம்பு ஊத்தித் தின்னனீ. என்ன மீன் எண்டு நினைச்சாய்?”

“அதுக்குள்ள ஒரு திறப்பு…”

“ஓம், கிடந்தது. பாவம், மீன்காரன்ர திறப்பு தவறி விழுந்திட்டுது எண்டு பின்னேரம் கொண்டுபோய்க் குடுத்தனான்.”

பிறிஜெற் ஐஸ் தட்டின் கதவைப் பிடித்தபடியே நின்றாள். குளிர் முகத்தில் அடித்தது. மூன்று மாதப் பயிற்சியில் அவ்வளவு அசையாமல் அவள் நின்றதில்லை. பிறகு, அந்தத் திறப்பு எதனுடையது என்று மெதுவாகச் சொன்னாள். கிளெமென்ற் சேட்டைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

கொட்டாஞ்சேனைச் சந்தையில் மீன்காரர் அப்போதுதான் ஐஸ் கட்டி உடைத்துக்கொண்டிருந்தார். தராசுக்குப் பக்கத்து ஆணியில் நீல நூல் கட்டி அந்தத் திறப்புத் தொங்கியது. பிறிஜெற்றின் கண் அங்கே போனதை அவர் கண்டார்.

“மேக்க நோனாகெத?” என்று கழற்றி நீட்டினார்.

தன்னுடையதுதான் என்று அவள் சிங்களத்தில் சொன்னாள். தன்னுடைய திறப்பு இல்லை என்று தனக்கு அப்போதே தெரியும் என்றார் அவர். இருந்தாலும் மாத்தயா அவ்வளவு அக்கறையாகக் கொண்டுவந்து தரும்போது எப்படி வேண்டாம் என்று சொல்வது? கடைப் பூட்டிலும், மோட்டார் சைக்கிளிலும், மாமியாரின் ட்ரங்குப் பெட்டியிலும் போட்டுப் பார்த்தாராம். ஒன்றும் திறக்கவில்லை. எதற்கு உரிய திறப்பு என்று கேட்டார். சேலை அலுமாரிக்கு என்றாள். அதில் பொய் இல்லை. நன்றிக்காக அரைக் கிலோ இறாலும் வாங்க வேண்டி வந்தது.

ஒன்பது மணிப் போட்டிக்கு எட்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அம்னா அவளுடைய சட்டையைப் பூட்டிவிடக் கிட்ட வந்து மூக்கைச் சுருக்கினாள்.

“அன்ரி, மீன் மணக்குது.”

“பிறகு சொல்லுறன் பிள்ளை.”

நாற்பது குண்டுகள். முதல் ஆறும் எங்கெங்கோ போயின. மனம் இன்னும் சந்தையில் நின்றது. ஏழாவதுக்குத் தூக்கிய துப்பாக்கியைச் சுடாமல் இறக்கி, தாங்கியில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். சரிவராது என்று தெரிந்தால் இறக்கிவிட வேண்டும் என்பது அம்னாவின் பாடம். கிறிஸ்ரி ஒருபோதும் இறக்குவதில்லை. பிறகு பெட்டி இலக்கம் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முந்தினதையும் நினைக்கவில்லை, அடுத்ததையும் நினைக்கவில்லை. ஏழு, எட்டு, எட்டு, ஒன்பது என்று புள்ளிகள் ஏறின. பதினாறாவது குண்டு பத்தில் விழுந்தது.

அந்த ஒரு மணித்தியாலத்தில் எவரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை. பத்திரம் எங்கே, திறப்பு எங்கே, உப்புப் போதுமா என்று ஒரு குரலும் இல்லை. தன்னுடைய மூச்சுச் சத்தத்தை அவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தது அவளுக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. பின்னால் மட்டும் ஒரு முணுமுணுப்பு வந்துகொண்டிருந்தது. கிளெமென்ற் பார்வையாளர் வாங்கில் இருந்து அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். ஓர் உத்தியோகத்தர் வந்து, ஜெபிப்பதென்றால் வெளியே போய் ஜெபிக்கும்படி மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நானூற்றுக்கு முந்நூற்று முப்பத்தெட்டு. பெண்கள் இருபத்தாறு பேரில் பத்தொன்பதாவது. அணி ஒன்பதில் ஐந்தாவது. கிறிஸ்ரிக்கு முந்நூற்று இருபத்தொன்பது. வெளிச்சம் சரியில்லை என்றார். அம்னா மூன்றாமிடம் எடுத்துப் பதக்கம் வாங்கினாள். பிறிஜெற்றின் பதினாறாவது குண்டுக் கடதாசியை நடுவரிடம் கேட்டு வாங்கி, மடிக்காமல் ஒரு கோவைக்குள் வைத்துக் கொடுத்ததும் அவள்தான்.

பின்னேரம் கிளப்பில் துப்பாக்கியை ஒப்படைத்தார்கள். வர்ண மணம் இன்னும் போகவில்லை. பிறிஜெற் குழலைத் துடைத்து, கயிற்றைக் கோத்து, பதிவுப் புத்தகத்தில் இலக்கத்தை எழுதி, எழுதியதை மறுபடி ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்து வைத்தாள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கிளெமென்ற் யன்னலோரம் இருந்தார்.

“அடுத்த சனிக்கிழமையும் போகோணுமோ?”

“ஓம்.”

“போட்டிதான் முடிஞ்சுதே.”

“அதுக்கென்ன.”

“அப்ப நானும் வாறன். இறால் பொரிச்சுக் கொண்டாறன், அந்த மாளிகாவத்தைப் பிள்ளைக்கும் குடுக்கலாம்.”

“வாங்கோ,” என்றாள் பிறிஜெற். “வாயை மட்டும் மூடிக்கொண்டு இருக்கோணும்.”