மகளின் பட்டத்துக்காக நான் நின்ற தேர்தல்

இலங்கை மலையகத்தில், வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறும் பாதையில் எங்கள் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. அங்கே காற்றாடிகள் போடும் இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது. அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதே அதனால்தான். நாலு பேர் கூடிய இடத்தில் என் வாய் திறக்காது. அப்படிப்பட்டவனைத் தேர்தலில் நிற்க வைத்தது என் மகள் படிக்கும் அரசறிவியல்.

பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் முடிந்ததும் பிள்ளைகள் இரண்டு வழியாகப் பிரிவார்களாம். மூன்று பாடங்களையும் சேர்த்துப் படித்தால் பொதுப் பட்டம். அரசறிவியலை மட்டும் எடுத்து நான்கு வருடம் படித்தால் சிறப்புப் பட்டம். என் மகளுக்குச் சிறப்புப் பட்டம்தான் வேண்டும். அதற்குப் புள்ளிகள் மட்டும் போதாது, ஓர் அறிக்கையும் கொடுக்க வேண்டும் என்று அவளுடைய விரிவுரையாளர் சொல்லிவிட்டார். ஊரில் நடக்கும் ஒரு தேர்தலைக் கவனித்து, யார் யார் போட்டியிட்டார்கள், யார் வென்றார், ஏன் வென்றார் என்று எழுத வேண்டும். கவனிக்கப் போனவர் அதில் தலையிடக் கூடாது.

அப்போது நாட்டில் எந்தத் தேர்தலும் இல்லை. எங்கள் தோட்டத்தில் இருந்தது கோயில் கமிட்டி ஒன்றுதான். திருவிழாவுக்கு முன்பு தலைவரைத் தேர்ந்தெடுக்க எல்லோரும் கோயில் மண்டபத்தில் உட்காருவோம். "பழைய ஆளே இருக்கட்டும்" என்று யாராவது சொல்வார்கள். தேநீர் குடித்துவிட்டு எழுந்து வருவோம். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் பந்தலுக்குத் தகரமும் நாற்காலியும் தூக்கிக்கொண்டு முதலில் வந்து நிற்கிற மனிதரை யார் எதிர்ப்பார்கள்?

மகள் தன் கஷ்டத்தைப் போய் அந்தக் கமிட்டித் தலைவரிடமே சொல்லியிருக்கிறாள். மறுநாள் சாயந்தரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, நீ என்னைய எதுத்து நில்லு."

"நான் எதுக்குண்ணே உங்கள எதுக்கணும்?"

"புள்ள படிப்புக்குப்பா. வேற யாரையும் நம்ப முடியாது. நெசமாவே எதுத்துருவானுங்க."

என் மனைவி அடுப்படியிலிருந்தே, "அவரு நிப்பாருங்க" என்று சொல்லிவிட்டாள்.

இது தலையிடுவது ஆகாதா என்று மகளிடம் கேட்டேன். "தலைவர் அவரா எடுத்த முடிவுப்பா. நான் கவனிக்கிறேன், அவ்வளவுதான்" என்றாள்.

ஓட்டுக் கேட்க எனக்குக் கூச்சம் என்பது தலைவருக்குத் தெரியும். அதனால் அவரே என்னை லயம் லயமாக, ஒரு வீட்டு வரிசை விடாமல் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பிய பாத்துக்குங்க. என்னைய எதுத்து நிக்கிறான். பேச்சுத்தான் வராது, நல்ல பய."

கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்த ஓர் அக்கா கேட்டாள். "அப்ப நீங்க வெலகிக்கிறீங்களா?"

"யாரு சொன்னா? நானும்தான் நிக்கிறேன்."

"அப்ப யாருக்குப் போடுறது?"

"அத நான் சொல்லக் கூடாது."

போன வீட்டிலெல்லாம் தேநீர் கொடுத்தார்கள். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டே குடித்தேன்.

பௌர்ணமி போயா லீவன்று மண்டபத்தில் கூட்டம். மகள் தூணோரம் பேனாவோடு நின்றாள். அந்த வாரமே அவள் அறிக்கையைக் கொடுக்க வேண்டும். கமிட்டிப் பொருளாளர் என் பேரைச் சொல்லிக் கை தூக்கச் சொன்னார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. எனக்கு வியர்த்துவிட்டது. பிறகு தலைவர் பேரைச் சொன்னார். அதே கைகள் மறுபடியும் உயர்ந்தன.

"என்னங்க இது, இருக்கிற ஆளவிட ஓட்டு ரெண்டு மடங்கா வருது?" என்றார் பொருளாளர்.

அந்த அக்காதான் பதில் சொன்னாள். "ரெண்டு பேரும் வீடு தேடி வந்து கேட்டாங்க. ஒருத்தருக்குத் தூக்கிட்டு ஒருத்தருக்குத் தூக்காம இருந்தா, நாளைக்கு பீலியில தண்ணி புடிக்கப் போறப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிறது?"

ஒருவருக்கு ஒரு கைதான், யாராவது ஒருத்தருக்குத்தான் என்று பொருளாளர் கண்டிப்பாகச் சொன்னார். மறுபடி என் பேர். இப்போது ஒரு கைகூட எழவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரே ஒரு கை எழுந்தது. அது தலைவருடைய கை.

"உங்களுக்கே நீங்க எதிரா போடுறீங்களே" என்றார் பொருளாளர்.

"அவனுக்கு ஒண்ணுகூட விழலைன்னா பயலுக்கு ஒரு மாதிரி இருக்காதா?"

அடுத்து தலைவர் பேர். யாரும் அசையவில்லை. எனக்கு ஒரு ஓட்டு, அவருக்கு ஒன்றுமில்லை. என் கையை மடியில் அப்படியே வைத்துக்கொண்டிருந்தால் போதும், மகளுக்கு ஒரு முடிவு கிடைத்துவிடும். தூணோரத்திலிருந்து அவள் என்னையே பார்த்தாள். வாய் பேசக் கூடாது என்பதால் கண்ணாலேயே கெஞ்சினாள். நான் தலைவரைப் பார்த்தேன். வெள்ளை வேட்டியும் திருநீறுமாக, ஒரு கைகூடக் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தார். என் கை தானாக மேலே போய்விட்டது.

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். பொருளாளர் எங்கள் இருவரையும் தலைவர் என்று அறிவித்துவிட்டுத் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் வெடித்தாள். "ஒரு நிமிஷம் கைய கீழ வச்சுக்க முடியலையாப்பா? யாரு ஜெயிச்சான்னு நான் என்னத்த எழுதுறது?"

"மனுசன் எனக்காகத் தூக்கினாரே பாப்பா."

"அதத்தான் எழுதணும் போல" என்றாள் கோபம் ஆறாமலே. அதைத்தான் எழுதிக்கொண்டும் போனாள்.

விரிவுரையாளர் அறிக்கையை இரண்டு தடவை திருப்பி அனுப்பினாராம். வென்றவர் யார் என்ற இடத்தில் இரண்டு பேரையும் எழுத முடியாது என்பது அவர் கட்சி. மூன்றாவது தடவை அவளைக் கூப்பிட்டு, அந்த இரண்டு கைகளைப் பற்றி வெகுநேரம் விசாரித்துவிட்டு, சிறப்புப் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். என் மனைவி கோயிலில் பொங்கல் வைத்தாள். இரண்டு தலைவர்கள் என்பதால் முதல் பிரசாதத்தை ஐயர் யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தட்டோடு நின்றார்.

இப்போது அவள் கடைசி வருடம். பட்டத்துக்கு ஒரு நீண்ட ஆய்வுக்கட்டுரை கட்டாயமாம். அதே தேர்தலை மறுபடி கவனித்து எழுதச் சொல்லிவிட்டார் விரிவுரையாளர். நேற்று தலைவர் வந்திருந்தார்.

"இந்தத் தடவை கைய எறக்கி வச்சிரு தம்பி. புள்ளைக்கு ஒரு முடிவு கெடைக்கட்டும்."

"நீங்க எனக்குத் தூக்காம இருந்தா நானும் தூக்க மாட்டேண்ணே."

அவர் தேநீரை ஆற்றி ஒரு வாய் குடித்தார்.

"அது எப்பிடிப்பா முடியும்?" என்றார்.