புல்வெளியில் மஸ்டர்

தேவிகுளத்துக்குக் கீழே ஒரு டீக்கடையில் நான் வந்த ஜீப் நிற்கிறது. எதிரே ரிசார்ட். உள்ளே பதினாறு எம்.எல்.ஏ.க்கள் ஒன்பது நாளாக அடைந்து கிடக்கிறார்கள். எந்த மாநிலம் என்று எழுதினால் எனக்கு வம்பு. அங்கே எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை, சட்டசபை முடங்கிவிட்டது. இங்கே வாடகை கட்டுவது, அந்த ஊர் மலையொன்றை வெட்டக் காத்திருக்கும் சிமெண்ட் கம்பெனி.

புல்வெளியில் கம்பெனி ஆள் விசிலும் பெயர்ப் பட்டியலுமாக வந்து நிற்கிறார். வெள்ளை வேட்டிகள் வரிசைக்கு வருகின்றன.

"தெனமும் மூணு தடவ மஸ்டர் எடுக்காங்க," என்கிறார் கடைக்கார மேரியக்கா. முப்பது வருஷம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். "எங்கள வேலைக்கு அனுப்பத்தான் பேரு கூப்பிடுவாங்க. இவங்க எங்கயும் போயிரக் கூடாதுன்னு கூப்பிடுதாங்க."

"சட்டசபை மறுபடி கூடினா எந்தச் சட்டத்துக்கு ஓட்டுப் போடணுமாம்?" என்கிறேன்.

"கேட்டேனே. அது தெரியாதாம். கைய எப்பத் தூக்கணும்னு மட்டும் சொல்லிக் குடுத்திருக்காங்களாம்."

"யாரு சொன்னா?"

பெஞ்சில் வடை தின்றுகொண்டிருக்கும் வெள்ளை வேட்டிப் பெரியவரைக் கண்ணால் காட்டுகிறார். வேலி இடுக்கு வழியாக வந்துவிட்டாராம்.

புல்வெளியில் விசில் ஒலிக்கிறது. ஒரு பெயரை இரண்டாம் முறை உரக்கக் கூப்பிடுகிறார்கள்.

சாலைக்கு இந்தப் பக்கம், பெரியவர் எழுந்து நின்று வடையோடு கையைத் தூக்குகிறார்.

"உள்ளேன் ஐயா."