ஏழுமலையின் முதுகும் என் கையும்

ஏழுமலை போய்விட்ட செய்தியை எனக்குச் சொன்னது பால்காரன்தான். போன செவ்வாய்க்கிழமை. "பெரியவரே, ஓட்டக்காரரு போயிட்டாராமே" என்றான், சொம்பில் பாலை ஊற்றிக்கொண்டே. அன்று காலையிலும் ஓடியிருக்கிறான். திரும்பி வந்து கால் கழுவி, கேப்பைக் கூழ் கேட்டிருக்கிறான். அவன் பெண்சாதி அஞ்சலை கரைத்து எடுத்துக்கொண்டு வருவதற்குள் தரையில் மல்லாந்து படுத்துவிட்டான். நேராக, முதுகு முழுக்கத் தரையில் படும்படி. நாற்பது வருஷத்தில் அவன் அப்படிப் படுத்ததே இல்லை. அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது என்று அவள் சொன்னாள்.

பதினாறாம் நாள் கூட்டத்தில் படிக்க நாலு வார்த்தை வேண்டும் என்று சுமைகாரர் சங்கத்து ஆள் நோட்டோடு வந்தார். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல அவர் எழுதுகிறார். "எல்லாரிடமும் அன்பாகப் பழகியவர்னு ஆரம்பிக்கட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவன் என்னோடு அன்பாகப் பழகவில்லை. பழகும்படி நான் நடந்துகொள்ளவும் இல்லை. திண்டிவனம் மார்க்கெட்டில் எங்கள் கும்பலில் அவனைப் பார்த்துச் சிரித்தவர்கள் பதினோரு பேர். அதில் பத்துப் பேர் சாவுக்கு அவன் மாலை போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறான். மிச்சம் நான். அதனால் நான்தான் சொல்லவேண்டும்.

எங்கள் வேலையைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டையை ஒருவன் தானாக முதுகில் ஏற்றிக்கொள்ள முடியாது. அவன் குனிந்து நிற்பான். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி, அவன் கழுத்துக்குக் கீழே சாய்ப்பார்கள். உடனே கையை எடுத்துவிடக் கூடாது. அவன் காலை ஊன்றிப் பார்த்து "வுடு" என்று சொல்லவேண்டும். சரியாக உட்காரவில்லை என்றால் "இரு" என்பான். அவன் "வுடு" சொல்லும்வரை, கை ஒடிந்தாலும் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். எங்களுக்குள் அடிதடி நடக்கும், பொண்டாட்டியை இழுத்துக்கூடப் பேசிக்கொள்வோம். ஆனால் இதில் மட்டும் எவனும் தப்புப் பண்ணமாட்டான். நானும் ஏழுமலையும் ஜோடி. அவனுக்கு நான் தூக்கிவிடுவேன், எனக்கு அவன்.

அவன் முதுகு கெட்டது மூட்டைக்கு அடியில் இல்லை. கீழே விழுந்த பீடியை எடுக்கக் குனிந்தான். குனிந்தவன் குனிந்தபடியே நின்றான். "ஏழுமல பீடிக்குக் கும்புடு போடுறாண்டா!" என்று கோவிந்தன் கத்தினான். எல்லாரும் சிரித்தோம். லாரியைக் காலி பண்ணி முடித்த பிறகுதான் அவன் வேஷம் போடவில்லை என்று தெரிந்தது. வருஷம் எண்பத்தொன்றோ இரண்டோ இருக்கும்.

விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தான். காலில் கயிறு கட்டி, கயிற்று நுனியில் கல்லைத் தொங்கவிட்டிருந்தார்கள். பார்க்கப் போனவன் சும்மா வந்தேனா? "மூட்டைய வுட்டாலும் கல்லு உன்ன வுடல பாத்தியா" என்றேன். பக்கத்துக் கட்டில்காரன் சிரித்தான். ஏழுமலை சிரிக்கவில்லை. மூட்டைப் பக்கமே போகாதே, குனியாதே என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

திரும்பி வந்தபோது அவன் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கோண ஆணி என்று பெயர் வைத்தோம். தேசிங்கு மேஸ்திரி அவனைக் கைவிடவில்லை; கோணி ஊசியைக் கொடுத்து உட்காரவைத்தார். மூட்டையின் வாயைச் சணல் போட்டுத் தைக்கிற வேலை. முதுகு போனவனுக்கென்று இருப்பது அந்த ஒரு வேலைதான். கும்பலுக்கு ஒரு ஊசிதான். இரண்டாவதாக ஒருவனுக்கு முதுகு போனால் அவன் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

மாசத்துக்கு ஒருமுறை விழுப்புரம் போய் மாத்திரை வாங்கி வருவான். ஒருநாள் திண்டிவனம் பஸ்ஸில் பையை வைத்துவிட்டு டீ குடிக்க இறங்கியிருக்கிறான். பஸ் கிளம்பிவிட்டது. பைக்குள் மாத்திரையும், முதுகை எடுத்த எக்ஸ்ரே படமும். ஓடியிருக்கிறான். பஸ்ஸைப் பிடிக்க முடியவில்லை. மறுநாள் மூட்டை தைத்துக்கொண்டே எங்களிடம் சொன்னான்: "பஸ்ஸு போச்சி, பையும் போச்சி. ஆனா அந்தக் கொஞ்ச தூரம் ஓடுனேம்பாரு, முதுகு எங்க இருக்குன்னே தெரியல எனக்கு."

"பையோட முதுகையும் பஸ்ஸுல வெச்சிட்டியா?" என்றேன் நான்.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து ஓட ஆரம்பித்தான். வெறுங்கால், தூக்கிச் சொருகிய லுங்கி. முதல் நாள் ஒரு கரண்டுக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை. அதற்கே உட்கார்ந்துவிட்டான். பிறகு ஒரு கம்பம் ஓடி ஒரு கம்பம் நடப்பான். மாசக்கணக்கில் அப்படி. டீக்கடையில் நின்றுகொண்டு எந்தக் கம்பத்தில் விழுவான் என்று டீ பந்தயம் கட்டுவோம். "யோவ், யாரு உன் பொண்டாட்டிய இட்டுக்கினு போனான், இப்படித் தொரத்துற?" என்று கோவிந்தன் கேட்பான். நான் சீட்டியடித்து நாயைக் கிளப்பிவிடுவேன். நாய் துரத்தினால் அவன் இன்னும் நன்றாக ஓடினான்.

வலி போய்விட்டதா என்று மேஸ்திரி ஒருநாள் கேட்டார். "எங்க மேஸ்திரி போவும்? கூடவே ஓடியாருது. ஆனா நான் முன்னாடி, அது பின்னாடி" என்றான். ஒரு வருஷத்தில் பிரம்மதேசம் ரோட்டில் பாதி தூரம் போய்த் திரும்புகிற அளவுக்கு வந்துவிட்டான். ஓடிவிட்டு வந்து பகல் முழுக்க உட்கார்ந்து தைப்பான்.

அந்த வருஷம் எனக்கும் இடுப்பு பிடிக்க ஆரம்பித்திருந்தது. காலையில் எழுந்து நிற்கச் சுவரைப் பிடிக்கவேண்டியிருந்தது. வீட்டிலும் சொல்லவில்லை, மார்க்கெட்டிலும் சொல்லவில்லை. சொன்னால் என்னாகும்? ஊசி அவன் கையில் இருக்கிறது.

பங்குனி மாசம். மல்லாட்டை லாரி லாரியாக வந்து நின்றது. இரண்டு ஆள் வேலைக்கு வரவில்லை. பேஜாராகி மேஸ்திரி எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"மேஸ்திரி, இடுப்பொடிஞ்சவன் ஒருத்தன் தெனம் குதிரையாட்டம் ஓடிக்கினு இருக்கான். நாங்க இங்க செத்துக்கினு இருக்கோம். ஓடுறவனுக்கு இன்னா மேஸ்திரி முதுகுவலி?"

எங்களுக்கெல்லாம் அது சரியான கேள்வியாகத்தான் பட்டது. உடம்பு என்றால் மூட்டை தூக்குகிற உடம்பு, தூக்காத உடம்பு, இந்த இரண்டுதான் எங்களுக்குத் தெரியும். மேஸ்திரி அவனைக் கூப்பிட்டார்.

"ஏழுமல, ஓடுறவன் ஒரு மூட்டை தூக்கமாட்டானா?"

"ஓடுறப்ப என் ஒடம்ப மட்டுந்தான் மேஸ்திரி தூக்கிக்கினு போறேன்."

கும்பல் சிரித்தது. மேஸ்திரிக்குக் கோபம் ஏறியது. "ஒரே மூட்டை. தூக்கிட்டன்னா கும்பல்ல உன் பழைய எடத்துக்கு வா. முடியாதுன்னா, நாளையிலேர்ந்து ஓடுறத வுட்டுட்டு ஊசியோட குந்து. ரெண்டையும் பண்ணிக்கினு எங்கள முட்டாளாக்காத."

"ஓடலன்னா நான் திரும்பவும் படுத்துக்குவேன் மேஸ்திரி. ஓடுறதாலதான் குந்தவே முடியுது."

"அப்ப தூக்கு. ஜல்தி."

ஊசியைச் சாக்கில் குத்திவைத்துவிட்டு வந்தான். குனிந்து நின்றான். தோல் உடைத்த மல்லாட்டைப் பயறு மூட்டை, அது தோலோடு இருக்கிற மல்லாட்டையைவிடக் கனம். இடது பக்கம் கோவிந்தன், வலது பக்கம் நான். சாய்த்தோம்.

"இரு" என்றான். காலை மாற்றி ஊன்றினான். அவன் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. முடியாது என்று சொல்லப்போகிறான், அது எனக்குத் தெரிந்துவிட்டது. ஓட்டத்தை விட்டுவிட்டு ஊசியோடு உட்கார்ந்துவிடுவான். ஊசி அவனிடமே இருந்துவிடும்.

"இருடா மண்ணு" என்றான் மறுபடியும். என் பெயர் மண்ணாங்கட்டி. அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

நான் கையை எடுத்தேன்.

மூட்டை அவன் முதுகில் இறங்கிய சத்தம் கேட்டது. கோவிந்தன் கையிலிருந்தும் பிடுங்கிக்கொண்டது. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே விழுந்திருப்பான். ஓடி ஓடி இறுகிய கால், விழவில்லை. ஒரு தள்ளாட்டம் தள்ளாடி நின்றான். பிறகு நடந்தான். குடோனுக்குள் போய் மூட்டையை அடுக்கியிருந்த அட்டியில் சாய்த்துவிட்டு வெளியே வந்தான்.

கும்பல் கைதட்டியது. "தூக்கினாம்பாரு! இத்தினி நாளா ஏமாத்திக்கினு குந்தியிருக்கான்" என்றான் கோவிந்தன். ஏழுமலை என்னை மட்டும் பார்த்தான். அவன் சொல்லியிருக்கலாம், யார் நம்பியிருப்பார்கள்? தூக்கிவிட்டானே.

மறுநாள் அவன் வரவில்லை. அஞ்சலை வந்தாள். "எழுந்து ஒண்ணுக்குப் போவ முடியல மேஸ்திரி. ரெண்டு பேரு புடிச்சிக் குந்த வெக்கிறோம். அந்த ஊசி வேலைய மட்டும் வேற யாருக்கும் குடுத்துடாதீங்க" என்றாள். "நேத்துத் தூக்கினானேம்மா. எல்லாரும் பாத்தமே" என்றார் மேஸ்திரி. அவள் நின்ற இடத்துக்கு நேர் எதிரில் நான் உட்கார்ந்து மூட்டை தைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு இடுப்பு பிடித்திருக்கிறது என்று அன்றைக்குக் காலையில்தான் மேஸ்திரியிடம் முதல்முறையாகச் சொல்லியிருந்தேன்.

நான்கு மாசம் கிடந்தான். அஞ்சலை மல்லாட்டைக்காய் ஆயப் போய்ச் சோறு போட்டாள். பிறகு ஒருநாள் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது பார்த்தேன், முதல் கம்பத்துக்கும் இரண்டாவது கம்பத்துக்கும் நடுவில் ஒரு கோணல் உருவம் வந்துகொண்டிருந்தது. மறுபடி முதலிலிருந்து.

மார்க்கெட்டுக்கு அவன் திரும்பி வரவில்லை. மெட்ராஸிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கும் பேப்பர் கட்டை வாங்கி, தோளில் ஒரு பை மாட்டி, வீடு வீடாக ஓடிப் போட்டான். அவனுக்கும் படிக்கத் தெரியாது. எங்கள் தெருவில் பேப்பர் வாங்குகிற வீடு ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் தினம் எங்கள் தெரு வழியாகத்தான் ஓடினான். என் வீட்டு வாசல் வரும்போது திரும்பிப் பார்க்காமல் ஒரு குரல் கொடுப்பான்.

"இருடா மண்ணு!"

எல்லாரும் அதைச் சிநேகிதம் என்று நினைத்தார்கள். "எங்க இருக்கச் சொல்றாரு உன்ன?" என்று என் பெண்சாதி கேட்டாள். வெளையாட்டுக்குச் சொல்றான் என்றேன். ஒருநாள் அவனுக்கென்று டீ போட்டு வாசலில் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் நிற்கவில்லை. மழை, வெயில், என் மகள் கல்யாணத்தன்று, என் பெண்சாதி செத்த மறுநாள், ஒருநாளும் விட்டதில்லை.

ஒருமுறை விடியலில் கிளம்பித் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் ஓடிப் போனான். நடுவில் நடந்தும் இருப்பான், மத்தியானம் ஆகிவிட்டது. காலில் கல் கட்டிய டாக்டரிடம் காட்டவேண்டும் என்று போனான். அந்த டாக்டர் மாற்றலாகி எத்தனையோ நாள் ஆகிவிட்டதாம். "ஓடியாந்தத யார்கிட்ட காட்றதுன்னு தெரியல. பெஞ்சியில குந்தித் தண்ணி குடிச்சிட்டு, பஸ்ஸுல வந்துட்டேன். இந்தத் தபா பஸ்ஸ வுடல" என்று டீக்கடையில் சொன்னான். நான் இருப்பதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டான்.

ஊசி என்னை என்ன செய்தது என்றும் சொல்லவேண்டும். உட்கார்ந்து உட்கார்ந்தே என் இடுப்பு செத்துப்போனது. ஐந்து வருஷத்தில் நான் அவனைவிடக் கோணலாகிவிட்டேன். வெட்கத்தை விட்டு ஒருநாள் வாசலில் வழிமறித்தேன். "ஏழுமல, எனக்கும் அந்த ஓட்டத்தச் சொல்லிக்குடுய்யா."

அவன் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தான். "மொதக் கம்பம் வரைக்கும் ஓடு. பாக்குறேன்."

ஓடினேன். பாதியிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு புழுதியில் உட்கார்ந்துவிட்டேன். ஏழுமலை கைதட்டிச் சிரித்தான். எங்கள் பதினோரு பேர் சிரிப்பையும் சேர்த்து அவன் ஒருவனே சிரித்தான். தெருவில் வாசல் தெளித்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "நீ போயித் தையிடா" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனான். அதற்குப் பிறகு நான் ஓடவில்லை.

இன்றைக்கு நான் நடந்தால் என் கண்ணுக்குத் தெரிவது மண்தான். எழுபத்தாறு வயதில் அவன் ஓடிக்கொண்டிருந்தான். வலியோடுதான்; அவன் முதுகு ஒருநாளும் நிமிரவில்லை.

சாவு வீட்டுக்குப் போகும்போது அந்த ஊசியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன். அவனை நேராகக் கிடத்தியிருந்தார்கள். அஞ்சலை தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஊசியை அவள் கையில் கொடுத்தேன். "அவனோடது. குழியில அவனோட வெச்சிடும்மா" என்றேன்.

அவள் துணியைப் பிரித்துப் பார்த்தாள். திரும்பச் சுற்றினாள். என் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்து, விரலை மடக்கிவிட்டாள்.

"நீயே வெச்சிக்கண்ணா. இதுக்குத்தான அன்னிக்குக் கைய எடுத்த."

அவளிடம் சொல்லியிருக்கிறான். இத்தனை வருஷமும் தெரிந்துகொண்டே அவள் என்னைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் "நல்லாருக்கியாண்ணா" என்று கேட்டிருக்கிறாள்.

ஊசி திரும்பவும் என் வீட்டில்தான் இருக்கிறது. அவனுடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். விடியற்காலையில் அவன் ஓடிவரும் நேரத்துக்கு இப்போதும் விழித்துக்கொள்கிறேன். தெருவில் காலடி கேட்பதில்லை. எழுந்து உட்கார்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நாற்பது வருஷத்தில் "இரு" என்றுதான் சொன்னான். "வுடு" என்று அவன் எனக்குச் சொல்லவே இல்லை.