காலையில் மட்டும் கத்திய பிரேக்

பிரேக் பேடு மாற்றிய மறுநாளே சத்தம் ஆரம்பித்துவிட்டது. விடியற்காலையில் ஏரிக்கரை முனையில் காரைத் திருப்பப் பிரேக்கில் கால் வைத்தேன். கிரீச்சென்று ஒரு கத்தல், பல் கூசிப்போனது. பழைய பேடு தேய்ந்துவிட்டது என்றுதானே புதுசு போட்டேன்! காசு கொடுத்துத் தலைவலியை வாங்கிய கதை.

விடிந்தும் விடியாததுமாக நான் எங்கே போகிறேன் என்று கேட்கலாம். உத்திரமேரூருக்கு, ஒரு டீ குடிக்க. மனைவி போய்ச் சேர்ந்ததிலிருந்து ஒற்றை ஆளுக்காக அடுப்பைப் பற்றவைக்க மனசு வருவதில்லை. அவள் இருந்தவரை காரில் இடப்பக்க சீட் அவளுடையது. நான் பிரேக் போடும்போதெல்லாம் அவளும் தன் காலடியில் கிடக்கும் மிதியடியை அழுத்துவாள். "நீ எதுக்கு அழுத்தற, உன் பக்கம் பிரேக்கா இருக்குது?" என்று எரிந்து விழுவேன். அந்த மிதியடியில் அவள் குதிகால் பட்ட இடம் ஓட்டையாகிக் கிடக்கிறது. மாற்றவில்லை.

மெக்கானிக் பத்து மணிக்குத்தான் ஷெட் திறப்பான். அன்றைக்கே கொண்டுபோய் நிறுத்தினேன். கடைத்தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான்.

"இன்னா சார், ஒரு சத்தமும் இல்லியே. கும்முனு நிக்குது."

"காலையில கத்துச்சுய்யா. நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"ஒண்ணு பண்ணுங்க சார். வூட்ல யாரையாவது ஓட்டச் சொல்லிட்டு நீங்க வெளிய நின்னு கேளுங்க. எந்தச் சக்கரம்னு தெரிஞ்சிடும்."

வீட்டில் யாரையாவது! நல்ல யோசனைதான். என் வீட்டில் இருப்பது நானும் ஒரு சுவர்க்கடிகாரமும். வெளியே நின்று நான் கேட்டால் உள்ளே ஓட்டுவது யார்?

போனை இடப்பக்க சீட்டில் வைத்துப் பதிவு செய்தும் பார்த்தேன். வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் இன்ஜின் உறுமலும் நான் மெக்கானிக்கைத் திட்டுவதும்தான் தெளிவாகப் பதிந்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மகள் தாம்பரத்திலிருந்து மாப்பிள்ளையோடு வந்தாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவளை வண்டியில் ஏற்றி சாலவாக்கம் வரை போய்வந்தேன். வேண்டுமென்றே பத்தடிக்கு ஒருமுறை பிரேக் போட்டேன். சனியன், வாயையே திறக்கவில்லை.

"கேட்டுச்சா?"

"இல்லப்பா."

"இப்ப?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளையிடம் ஏதோ கண்ணால் சொன்னாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அம்மா போனதுல இருந்து நீ சரியாத் தூங்கறதே இல்ல. ஒரு டாக்டர்கிட்ட காட்டிடலாம். வண்டிய வித்துட்டு எங்ககூட வந்துடு. வர்ற ஞாயித்துக்கெழம வந்து கூட்டிக்கினு போறேன்."

"எனக்கு ஒண்ணுமில்ல" என்று கத்தினேன். இல்லாத சத்தம் எனக்கு மட்டும் கேட்கிறது என்றால் அதற்கு என்ன பெயர்? வீட்டில் தனியாக இருப்பவன் இதை யாரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள முடியும்? அவள் சொல்வது நிஜமாகவே இருக்குமோ என்று பயந்துவிட்டேன். அந்த வாரம் முழுக்கக் காலையில் பிரேக்கை அழுத்தும்போது சத்தம் வரக்கூடாது என்று ஒரு பக்கமும், வரவேண்டுமே என்று இன்னொரு பக்கமும் நெஞ்சு அடித்துக்கொண்டது. தவறாமல் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை. மார்கழிப் பனி இறங்கியிருந்தது. ஏரிக்கரை முனையில் வழக்கம்போல நவரைப் பட்டத்து நெல் நடவுக்குப் போகும் பெண்கள், கூட்டிப்போக வரும் லோடு ஆட்டோவுக்காகத் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஏரிக்கு அந்தப் பக்கத்துத் தெருக்காரர்கள். தினமும் பார்ப்பேன், பேசியதில்லை. பிரேக் கத்தியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் நடுரோட்டிலேயே வண்டியை நிறுத்தி இறங்கிச் சக்கரத்தை ஓங்கி உதைத்தேன்.

"இன்னா சார், இன்னும் சரி பண்லியா அத?"

கேட்டது என் வயதுள்ள ஒரு அம்மா.

"உங்களுக்குக் கேக்குதா?"

"நல்லா கேட்ட போ! தெனம்தான் கேக்குது. இந்த சத்தம் வந்தாதான் நாங்க வெத்தலய துப்பிட்டு எழுந்துப்போம். உன் பின்னாடியே ஆட்டோ வந்துடும்."

"செவுடனுக்கும் கேக்கும்" என்று பக்கத்தில் இருந்த இளம்பெண் சிரித்தாள். "சாயங்காலம் வந்தா மட்டும் கம்முனு போவுது."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகை வந்துவிட்டது. பனியில் நின்ற வண்டி, குளிர்ந்த பிரேக். சூடு ஏறியதும் சத்தம் அடங்கிவிடுகிறது. நான் மெக்கானிக்கிடம் போனதும் மகளை ஏற்றியதும் வெயில் ஏறிய பிறகு. விடியற்காலையில் என்னோடு யாரும் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

அங்கேயே நின்று மகளுக்குப் போன் போட்டேன். "காலங்காத்தால என்னப்பா?" என்று பதறினாள். நான் உளறுவதைப் பார்த்து அந்த அம்மா கையை நீட்டினாள்.

"குடு சார், நான் சொல்றேன். தோ பாரும்மா, நல்லாவே கேக்குது. உங்க நைனாவுக்கு ஒண்ணுமில்ல. இரு, நீயே கேளு."

வண்டியைப் பின்னால் எடுத்து மறுபடி முன்னால் வந்து பிரேக் போட்டேன். அந்த அம்மா ஓரமாகக் குனிந்து சக்கரத்துப் பக்கம் போனைக் காட்டியபடி கூடவே நடந்தாள். கத்தியது. "இந்தச் சக்கரம்தான்" என்று இடது முன்சக்கரத்தைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"கேட்டுச்சுப்பா" என்றாள் மகள். அப்புறம் குரல் உடைந்துபோய், "இத்தன நாளா இந்த சத்தத்தோட தனியாவாப்பா போயிட்டு வந்த?" என்றாள்.

அன்று இரவு வண்டியை ஷெட்டிலேயே விட்டேன். நான் சொன்னபடி மறுநாள் விடியற்காலையிலேயே மெக்கானிக் வந்து எடுத்ததுமே கத்தியிருக்கிறது. கழற்றிப் பார்த்தால், இடது பேடுக்குப் பின்னால் அதிர்வை அடக்க இருக்கவேண்டிய மெல்லிய தகடு இல்லை. பழைய பேடோடு ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போயிருக்கிறது. "சாரி சார்" என்று தலையைச் சொறிந்தான். ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். டாக்டர் பேச்சையும் வண்டியை விற்கும் பேச்சையும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை ஏரிக்கரை முனையில் பிரேக் போட்டேன். சத்தமே இல்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பெண்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள், ஒருத்தியும் திரும்பவில்லை. பின்னால் ஆட்டோ வருவது கண்ணாடியில் தெரிந்தது. ஹாரன் அடித்தேன். அந்த அம்மா திரும்பிப் பார்த்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து கையை ஆட்டினாள்.

இப்போது நடவு முடிந்துவிட்டது. முனையில் யாரும் இல்லை. ஆனாலும் அந்த இடம் வந்தால் ஹாரன் அடித்துவிட்டுத்தான் போகிறேன்.