பினாங்கில் சுடுதண்ணி கேட்ட கதை

பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனுக்குப் போகிறேன் என்று யாராவது சொன்னால் கோயில், கடற்கரை, மலை ரயில் என்று பட்டியல் போட்டுக் கொடுப்பேன். நான் முதல்முறை போனது இதில் எதற்காகவும் இல்லை. பெண் கேட்கப் போனேன். தொண்ணூறுகளின் நடுவில் மதுரையிலிருந்து கோலாலம்பூருக்கு ஒப்பந்த வேலைக்கு வந்திருந்தேன். கூட வேலை பார்த்த மாலதியை எனக்குப் பிடித்திருந்தது, அவளுக்கும் என்னை. பாக்கி இருந்தது ஜார்ஜ் டவுனின் டத்தோ கிராமாட் பகுதியில் இருந்த அவள் அப்பாவின் சம்மதம் மட்டும்தான்.

புறப்படும் முன் மாலதி, கடைசியில் 'லா' போட்டு முடிக்கும் அந்த ஊர்ப் பேச்சில், ஒன்றே ஒன்று சொன்னாள். "அப்பாவுக்குக் குடிக்கிறவங்களக் கண்டாலே ஆகாது. பீர் டேஸ்ட் எப்படி இருக்கும்னு தெரிஞ்ச மாதிரிகூடக் காட்டிக்காதீங்க லா." அந்த ருசி எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

காலை எட்டு மணிப் பேருந்து, பதினேழு வெள்ளி (ரிங்கிட்டை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்). ஐந்தரை மணி நேரத்தில் பட்டர்வொர்த். அங்கிருந்து தீவுக்கு ஃபெரி, அறுபது காசு, இருபது நிமிடம். சூலியா தெருவில் இருபத்தைந்து வெள்ளிக்கு அறை எடுத்தேன். மின்விசிறி சுற்றியது, காற்றுதான் வரவில்லை.

மாலை ஆறரைக்கு அவள் அப்பா வந்தார். பாயான் லெப்பாஸில் ஒரு ஜப்பான் தொழிற்சாலையில் தலைமைக் குமாஸ்தா, கோயில் கமிட்டியில் செயலாளர். சட்டை மடிப்பில் காய் நறுக்கலாம். வீட்டில் பேச உட்கார்ந்தால் ஆளாளுக்குக் குறுக்கே பேசுவார்கள், தன் மேனேஜர் சாப்பிடும் இடத்துக்குப் போவோம் என்று பினாங்கு சாலைப் பக்கம் பத்து நிமிடம் நடத்திக் கூட்டிப்போனார். மாடியில் ஒரு பப். குடிப்பவர்களைக் கண்டால் ஆகாதவர் பப்புக்கா என்று பார்த்தேன், சாப்பாடு நன்றாக இருக்கும் என்றார். ஜப்பான்காரர் அடுப்படியில், அவருடைய கொரிய மனைவி மேசைகளில். இரண்டு நாட்டுச் சாப்பாடும் உண்டு.

கிம்ச்சி என்ற முட்டைக்கோஸ் ஊறுகாயின் காரம் நம் நாக்குக்குப் பரவாயில்லை. சுட்ட மீன் பிரமாதம். பயணத்தில் தொண்டை கட்டியிருந்ததால் "ஹாட் வாட்டர்" கேட்டேன். அந்த அம்மாள் "ஹாட், ஹாட்" என்று தலையாட்டிவிட்டு ஒரு பீங்கான் குடுவையும், கட்டைவிரல் உயரத்தில் இரண்டு கோப்பைகளும் கொண்டுவந்தார். தன் கோப்பையைத் தானே நிரப்பக்கூடாது, எதிரில் இருப்பவர்தான் ஊற்ற வேண்டும் என்று ஜாடையில் சொல்லிக்கொடுத்தார். மாலதியின் அப்பா எனக்கு ஊற்றினார், நான் அவருக்கு ஊற்றினேன்.

முதல் கோப்பை வடிகஞ்சி போல இருந்தது. இரண்டாவதில் சந்தேகம் வந்தது. மூன்றாவதில் காது சூடானதும் சந்தேகம் தீர்ந்தது. சாக்கே என்ற ஜப்பான் அரிசிச் சாராயம். இதைச் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார். சொல்லாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார். பந்தியில் இலைக்குக் குறுக்கே கை நீட்டுவது போலக் கோப்பைமேல் கையை வைத்தேன். பெரியவர்கள் ஊற்றும்போது கை வைக்கக்கூடாது என்று என் கையை எடுத்துவிட்டு ஊற்றினார். சுடுதண்ணி தொண்டைக்கு நல்லது என்று இரண்டாவது குடுவையும், அதன்பின் மூன்றாவதும் அவரே வரவழைத்தார். சம்பளம், ஜாதகம், குடும்பம் எல்லாம் விசாரித்தார். நான் திட்டமிட்டு வந்ததைவிட நீளமாக உண்மையைப் பேசினேன்.

பில் வந்தது. 'ஹாட் சாக்கே, மூன்று' என்று இருந்தது. அவர் அதை வெகுநேரம் படித்தார். நான் மனதுக்குள் கல்யாணத்தைக் கைகழுவிவிட்டேன்.

"தம்பி, இது தண்ணி இல்லைன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "மூணாவது கோப்பையில, அங்கிள்."

"எனக்கு மொத வாயிலேயே தெரியும். பதினெட்டு வருசம் ஜப்பான் மேனேஜர்கூட வேலை லா. சொன்னா, உங்களுக்கு எப்படித் தெரியும்னு நீங்க கேப்பீங்க. அதான் சும்மா ஊத்தினேன்."

பில்லை நான்காக மடித்துப் பையில் வைத்தார். படியிறங்கும்போது, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"வீட்டுல கேட்டா சூப்பு குடிச்சோம்னு சொல்லுங்க, மாப்பிள்ளை."

போகிறவர்களுக்கு: அன்று இரண்டு பேருக்கு அறுபத்திரண்டு வெள்ளி ஆனது, பாதிக்குமேல் சுடுதண்ணிக்கு. தொண்டை கட்டியிருந்தால் டீ கேளுங்கள். போதும் என்றால் கோப்பையைக் காலி செய்யாமல் விட்டுவிடுங்கள். அந்த மேசைகளில் காலிக் கோப்பை என்றால் இன்னும் வேண்டும் என்று பொருள். அன்றைக்கு இது எனக்குத் தெரிந்திருந்தால் முதல் கோப்பையோடு தப்பித்திருப்பேன், இன்றுவரை அவருக்கு வெறும் தம்பியாகவே இருந்திருப்பேன்.