சரோஜாவின் மாத்திரையும் என் கடை டீயும்

கொடுத்துவிட்டார்! போன வாரம் டாக்டர் தேதி கொடுத்துவிட்டார்!

என் மனைவி சரோஜாவின் முழங்கால் ஆபரேஷனைத்தான் சொல்கிறேன். ரத்தத்தில் இரும்புச் சத்து போதவில்லை, ஏறட்டும் பார்க்கலாம் என்று கிள்ளான் மருத்துவமனையில் தேதியைத் தள்ளிக்கொண்டே போனார்கள். மாத்திரையை ஒரு நாளும் தவறவிடவில்லை அவள். ஆனால் ஏறினால்தானே? பாத்ரூம் போவதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பிறகு எப்படி ஏறியது? காரணத்தைக் கண்டுபிடித்தது யார்? வேறு யார்... நான்தான்!

உங்களுக்குத்தான் தெரியுமே — நான் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸில் என் கடை டீக்காகப் பணக்காரர்கள் இருக்கும் பங்சாரிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். கோப்பை கழுவியவனை முதலாளியாக்கிய டீ அது!

ஷா ஆலம் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும் கவிதா நம் கடையின் வாடிக்கையாளர். "அங்கிள், உங்க தேயிலை கொஞ்சம் தாங்க. சாறு எடுத்து டெஸ்ட் பண்ணணும்" என்றாள். ஒரு பை நிறையக் கொடுத்தேன். ஒரே நிபந்தனை — ரிசல்ட்டை என் கண்ணால் பார்க்க வேண்டும்.

கவிதாவின் ஆய்வகத்துக்குச் சரோஜாவையும் கைத்தாங்கலாக அழைத்துப் போனேன். புருஷன் பெருமையை அவள் பார்க்க வேண்டாமா?

கண்ணாடிக் குழாயில் ஊதா நிறத் திரவம். அதில் என் தேயிலைச் சாறு சில சொட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊதா வெளுத்து மஞ்சளாகிவிட்டது!

"என்னம்மா மேஜிக் இது?"

"மேஜிக் இல்ல அங்கிள், ஆன்டி-ஆக்சிடன்ட். நம்ம செல்லைக் கெடுக்கிற சாமான் மாதிரி ஒண்ணு இந்த ஊதாவுல இருக்கு. டீயில உள்ள பாலிஃபினால் அதை அடக்கிடுது."

"கேட்டியா சரோஜா? மருந்துலா என் டீ! நாளைக்கே போர்டு மாட்டுறேன்."

"ஐயோ அங்கிள்! குழாய்ல நடக்கிறதெல்லாம் உடம்புலயும் அப்படியே நடக்கும்னு சொல்ல முடியாது."

நான் விடுவேனா? "இன்னொண்ணு காட்டும்மா" என்றேன். வேறொரு குழாயில் என் சாறு. அதில் ஏதோ இரண்டு சொட்டு விட்டாள். மை மாதிரி கறுத்துப் போனது!

"இப்ப விட்டது இரும்பு, அங்கிள். அதே பாலிஃபினால்தான். இரும்பைக் கண்டா கட்டிப் பிடிச்சுக்கும்."

நான் கைதட்டினேன். சரோஜா தட்டவில்லை.

"ஏம்மா... நான் சாப்பிடுறதும் இரும்பு மாத்திரைதானே?"

"எதோட சாப்பிடுறீங்க, ஆன்டி?"

"இவரு டீயோடதான். தண்ணியில போட்டா தெம்பு வராதாம். ஸ்ட்ராங்கா கலக்கிக் கையில குடுத்து, குடிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னு பார்ப்பாரு."

கவிதா வாயைப் பொத்திக்கொண்டாள். "டீ அந்த இரும்பை உடம்புல சேர விடாமப் பிடிச்சு வெச்சிருக்கலாம், ஆன்டி. டாக்டர்கிட்ட உடனே கேளுங்க" என்றாள்.

கேட்டோம். டாக்டரும் அதையேதான் சொன்னார் — மாத்திரைக்குத் தண்ணீர் போதும், டீயைத் தள்ளி வையுங்கள். வைத்தோம். மாதங்கள் போயின... ஏறிவிட்டது!

ஆனால் ஒன்று கேட்கிறேன். சாதாரண டீயாக இருந்தால் இரும்பை இப்படிப் பிடித்து வைத்திருக்குமா? எவ்வளவு சத்து இருந்திருந்தால்! நல்ல பொருள்தான்... எப்போது தள்ளி நிற்க வேண்டும் என்பதுதான் அதற்குத் தெரியவில்லை.

"டீயை மட்டுமா சொல்றீங்க?" என்கிறாள் சரோஜா.

கால் சரியானதும் முதலில் தனியாகவே நடந்து நம் கடைத் தெருவுக்கு வருவாளாம்.

"என் டீ குடிக்கவா?" என்றேன்.

"இல்லங்க. எதிர்க்கடையில இளநி குடிக்க!"