இசித்ரோவின் காவலில் இருந்த காகிதம்

1794. தன் செல்பேசி எண்ணைக் கேட்டால் விழிக்கும் எலுத்தேரியா வால்தெஸ், இந்த எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். நியூ மெக்சிகோவின் வடக்கே, லா ஓயிட்டா ஊர்க்காரர்கள் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிக்கொள்ள ஸ்பானிய அதிகாரி ஒருவர் கையெழுத்திட்டுக் கொடுத்த ஆண்டு அது. அந்தக் காகிதம் நீதிமன்றத்தில் செல்லுபடியானால் ஆற்றின் முதல் தண்ணீர் ஊருக்கு. செல்லாவிட்டால், அரசாங்கப் பதிவில் வாய்க்காலின் பெயர் முதலில் தென்படும் 1872தான் கணக்கு. மேலே ஆற்றோரம் பண்ணை வாங்கியிருந்த விடுதிக் கம்பெனியின் கையில் 1859ஆம் ஆண்டுப் பத்திரம் இருந்தது. வறண்ட ஆண்டில், பின்னால் வந்தவர்தான் மதகை அடைக்க வேண்டும்.

எலுத்தேரியாவுக்கு வயது எழுபத்தொன்று. பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து ஓய்வு பெற்ற மறு ஆண்டே வாய்க்கால் தலைமைக்குப் போட்டியிட்டார். அதுவரை அந்தப் பதவிக்குப் பெண் யாரும் வந்ததில்லை.

"சமையக்காரிக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியுமா?" என்று கூட்டத்தில் கேட்டவர் பக்கத்துத் தோட்டத்து பெலர்மினோ.

"முன்னூறு பிள்ளைங்கள சத்தமில்லாம வரிசையில நிக்க வெச்சவ நான். நீங்க இருபது ஆம்பளைங்க எனக்கு ஒரு கூட்டமா?"

ஜெயித்தார். அந்த வசந்தத்தில் வாய்க்கால் தூர்வாரும்போது பெலர்மினோவுக்குக் கிடைத்தது சேறு அதிகமான பகுதி. அவரும் முணுமுணுத்துக்கொண்டே வாரினார்.

இந்த ஊரில் இசித்ரோ என்றால் உழவர்களின் காவல் புனிதர். முழங்கால் உயர மரச்சிலை. தொப்பி, நீலச் சட்டை, பக்கத்தில் ஒரு ஜோடி காளை. மே மாதத் திருநாளில் வயலைச் சுற்றி ஊர்வலம் போய், ஊரில் வேறொரு வீட்டில் தங்குவார். அடுத்த திருநாள் வரை அங்கேதான். சிலை என்று யாரும் சொல்வதில்லை. "உங்க வீட்டுல இருந்து வந்ததும் மெலிஞ்சுட்டாரே, சோறு போட்டியா இல்லியா?" என்றுதான் பேச்சு. அவருடைய பீடம் உள்ளே குடைந்திருக்கும். வாய்க்கால் காகிதம் அங்கே ஒரு தகரக் குழாயில் இருக்கும். திருநாளன்று எல்லோர் முன்னாலும் எடுத்து வாசித்துவிட்டுத் திரும்ப உள்ளே வைப்பார்கள்.

ஊருக்காக வாதாடிய ஹானா ரைட்டர் மின்னசோட்டாக்காரர், கெட்டிக்காரர். ஸ்பானிய மொழி கல்லூரியில் கற்றது. தொலைபேசியில் கேட்டார்:

"அம்மா, பழைய பத்திரத்தைக் கோர்ட் ஏத்துக்கணும்னா மூணு விஷயம் வேணும். வயசு, சந்தேகப்பட முடியாத நிலை, அது இருக்க வேண்டிய இடத்துல இருந்ததா. இது யாருகிட்ட இருந்துச்சு?"

"இசித்ரோகிட்ட. எப்பவும் அவருகிட்டத்தான்."

"முழுப் பேரு?"

"இசித்ரோ லாப்ரதோர்."

"என்ன வேலை பார்க்கறாரு?"

"விவசாயந்தான். வேற என்ன?"

பிரமாணப் பத்திரம் வந்தது. 'மேற்படி ஆவணம் விவசாயி இசித்ரோ லாப்ரதோர் என்பவரின் காவலில் தொடர்ந்து இருந்துவருகிறது.' எலுத்தேரியா கண்ணாடி போட்டு இரண்டு முறை வாசித்தார். ஒரு தப்பும் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் விசாரணையில் கம்பெனி வழக்கறிஞர் விட்லாக் எழுந்தார். குரலை உயர்த்தாத, வீட்டுப்பாடம் செய்துவிட்டு வரும் மனிதர்.

"கனம் நீதிபதி அவர்களே, இந்த லாப்ரதோர் பேர்ல வரி ரசீது இல்ல, பிறப்புப் பதிவு இல்ல, மக்கள்தொகைக் கணக்குலயும் இல்ல. அப்படி ஒரு ஆளே கிடையாது. காவலே பொய்னா காகிதத்தை எப்படி நம்பறது?"

ஹானாவின் முகம் வெளுத்தது. பின்வரிசையில் ஊரே சிரித்தது.

"அக்கா, நம்மாளுக்கு வரி ரசீது இல்லியாம்!" என்றார் பெலர்மினோ.

நீதிபதி ஸ்ட்ராண்ட் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இதுல சிரிக்க என்ன இருக்கு? அந்த ஆள் எங்கே?"

"வெளியில வண்டியில இருக்காருங்க. பெல்ட்டு போட்டு உக்கார வெச்சிருக்கேன்," என்றார் எலுத்தேரியா.

இசித்ரோவை வாசல் காவலர் பரிசோதனை எந்திரத்தில் படுக்க வைத்து அனுப்பினார். கம்பளி சுற்றி மேசைமேல் நிறுத்தியதும் விட்லாக்கே சிரித்துவிட்டார். "இவரைக் குறுக்கு விசாரணை பண்ண முடியாதே!"

சிரிப்பு அடங்கியதும் அவர் விடவில்லை. வருஷத்துக்கு ஒரு வீடு என்றால் இருநூறு கைகள். எந்த வீட்டில் யார் என்ன செய்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? எலுத்தேரியா ஒருவரின் வாய்ச்சொல் போதுமா?

நியாயமான கேள்வி. எலுத்தேரியா ஹானாவின் காதைக் கடித்தார். ஹானா எழுந்து, பிரமாணப் பத்திரத்தைத் திருத்த அனுமதி கேட்டார். கூடவே, இசித்ரோவைத் தங்கவைத்த வீட்டுக்காரர்கள் பின்வரிசையில் இருக்கிறார்கள், ஒவ்வொருவராக விசாரிக்கலாம் என்றார்.

முதலில் பெலர்மினோ கூண்டேறினார். "எண்பத்தொண்ணுல என் வீட்டுல இருந்தாரு. வந்தப்பவே ஒரு காளைக்கு ஒரு கொம்பு இல்ல."

"பொய்!" பின்னாலிருந்து தொரோத்தேயா கிழவி எழுந்துவிட்டாள். "என் வீட்டுல இருந்து ரெண்டு கொம்போட அனுப்பினேன். உன் பூனைதான் தள்ளிவிட்டுது!"

"என் பூனை செத்தே அப்போ ஒரு வருஷம்!"

"அப்போ உன் பொண்டாட்டி!"

நீதிபதி மேசையைத் தட்டினார். அடுத்து ஏறிய ஐந்து பேரும் கொம்பு விஷயத்தில் ஐந்து விதமாகச் சொன்னார்கள். யார் வீட்டுக்குப் பின் யார் வீடு என்பதில் மட்டும் ஒருவரும் பிசகவில்லை. காகிதத்தை எப்போது வெளியே எடுப்பார்கள் என்று விட்லாக் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டார். திருநாளன்று, எல்லோர் முன்னாலும், வாசித்துவிட்டுத் திரும்ப உள்ளே. பதிலில் ஓர் எழுத்து மாறவில்லை. அவர் குறிப்பு எழுதுவதை நிறுத்திப் பேனாவை மூடினார்.

ஆவணக் காப்பகத்திலிருந்து வந்த நிபுணர், தாளும் மையும் அந்தக் காலத்தவையே, எழுத்தைத் திருத்திய சுவடு இல்லை என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். மீதம் இருந்தது இடம் ஒன்றுதான்.

பிற்பகலில் நீதிபதி சொன்னார்: "வீடுதான் மாறியிருக்கு. காகிதம் இருந்த இடம் மாறல. வாய்க்கால் காகிதத்தை உழவர் புனிதர்கிட்ட ஊர்க்காரங்க கொடுத்து வெக்கறது எனக்கு இயல்பாத்தான் படுது. சான்றாவணமா ஏத்துக்கறேன்."

வெளியே வந்ததும் ஹானா மன்னிப்புக் கேட்டார். "'விவசாயி'ன்னு எழுதிட்டேன் அம்மா."

"அதுல என்ன தப்பு? அவரு விவசாயிதானே," என்று எலுத்தேரியா கதவைத் திறந்து இசித்ரோவுக்கு பெல்ட் மாட்டினார்.

அந்தக் காகிதம் எவ்வளவு தண்ணீருக்கு உரிமை தருகிறது என்ற முக்கிய விசாரணை செப்டம்பரில் தொடங்குகிறது. அதுவரை, நீதிபதியின் இடைக்கால உத்தரவுப்படி, மேல் மதகை அடைக்கும் வேலை கம்பெனியுடையது. லா ஓயிட்டாவின் மதகு திறந்தே இருக்கும்.